அச்சு அசலாக ஓர் ஆள்

ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா கூட்டிப் போனார்கள். காலையில் மாமல்லபுரம், மத்தியானம் இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. கடற்கரைப் பூங்கா. எங்கள் காலனியிலிருந்து போனவர்கள் நாலு பேர். காலையில் பார்த்த கல் யானையும் ரதமும் அன்றைக்கு ராத்திரியே மறந்துபோச்சு. மறக்காமல் இருப்பது பூங்காவில் நின்றிருந்த அந்த ஆள்தான். தலைப்பாகை, முறுக்கு மீசை, அரண்மனைக் காவல்காரன் உடுப்பு. ஆடமாட்டார், அசையமாட்டார், சிரிக்கமாட்டார். யாராவது சிரிக்க வைத்துவிட்டால் அவர்களுக்குப் பரிசு. சிலை மனிதர் என்று தமிழ்நாடு முழுக்க அவரைத் தெரியும்.

முதலில் பொம்மை என்றுதான் நினைத்தோம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கழுத்தில் நரம்பு துடிக்கிறது. ‘டேய், உசுரு இருக்குதுடா’ என்று ஒருத்தன் கத்தினான். முதலில் பயம். பயம் தெளிந்ததும் வேறொன்று வந்தது. நான் அவர் முகத்துக்கு நேராகப் போய் நாக்கைத் துருத்தினேன். குரங்குச் சேட்டை பண்ணினேன். அவர் அம்மாவைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னேன். கடல் காத்தோ என்னவோ, அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. முகம் மட்டும் மாறவில்லை.

ஊர்த்தெருவில் என் வயசுப் பையன் ‘டேய்’ என்றால்கூட தலையைக் குனிந்துகொண்டு போகிறவன் நான். என் அப்பா வயசு ஆளை அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? அவர் பதில் பேசமாட்டார் என்று தெரிந்ததால் வந்தது. பதில் பேச முடியாத ஆள் எதிரில் நின்றால், நம்மில் இருக்கிற ஊர்க்காரன் வெளியே வந்துவிடுகிறான். இதை யோசிக்க எனக்கு முப்பது வருஷம் ஆனது. யோசிக்க வைத்தது ஒரு பொம்மை.

2020 ஆகஸ்டில் பேப்பரில் ஒரு படம் வந்தது. கர்நாடகாவில் கொப்பள். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஒரு அம்மா பட்டுப்புடவை கட்டி, நகை போட்டு, சிரித்த முகமாக சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் விபத்தில் செத்துப்போய் மூணு வருஷம் ஆகிறது. உட்கார்ந்திருப்பது சிலிகானில் செய்த உருவம். கணவர் செய்து வைத்திருக்கிறார். அடுத்த மாசமே மதுரையிலிருந்தும் இப்படி ஒரு செய்தி. அங்கேயும் மனைவியின் உருவம், ஆளுயரம். அப்புறம் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பெண்ணின் கல்யாணத்துக்குச் செத்துப்போன அப்பாவை உருவமாகக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். பெண் கட்டிப் பிடித்து அழுகிறாள். பார்க்கிற நாமும் அழுகிறோம்.

நான் அந்தப் படத்தை எங்கம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தது.

“அந்தம்மா எல்லாத்தயும் பாக்குது. ஆனா யாரையும் பாக்கல” என்றது.

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. 1970இல் மசாஹிரோ மோரி என்கிற ஜப்பான் பேராசிரியர், எந்திர மனிதர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொம்மை மனுஷச் சாயலுக்கு வர வர நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். ஏறக்குறைய மனுஷனாகவே ஆகிவிட்ட இடத்தில் அந்தப் பிரியம் திடீரென்று பள்ளத்தில் விழுந்து அருவருப்பாகும் என்றார். செத்த உடம்பை அந்தப் பள்ளத்தின் அடியில் வைத்தார். மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கிய ஒருத்தர் பால் கறந்துகொண்டிருக்கிறார். பசு கன்றை நக்குகிறது. அவ்வளவு உயிரோட்டம். ஆனாலும் யாரும் அவரைப் பார்த்துப் பதறுவதில்லை. கல் தன்னைக் கல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தோல் நிறமும் மயிர்க்காலும் நகத்து அழுக்கும் உள்ள உருவம் அப்படிச் சொல்வதில்லை. அது நம்மை ஒரு நொடி ஏமாற்றுகிறது. அந்த நொடியில் அதற்கு ஒரு மனுஷனுக்குரிய இடத்தைக் கொடுத்துவிடுகிறோம். விலகி வழி விடுகிறோம். குரலைத் தாழ்த்துகிறோம். முறைத்துப் பார்த்துவிட்டோமே என்று கூச்சப்படுகிறோம்.

எல்லாருக்குமா அந்த இடத்தைக் கொடுக்கிறோம்? என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் டுவேன் ஹான்சன் என்றொரு சிற்பி இருந்தார். 1996இல் இறந்தார். உயிருள்ள ஆட்களின் உடம்பில் அச்சு எடுத்து, பாலியஸ்டரிலும் கண்ணாடி இழையிலும் வார்த்து, சாயம் பூசி, நிஜமான உடுப்பும் மயிரும் வைத்து உருவம் செய்வார். அவர் செய்ததில் ராஜா கிடையாது, சாமி கிடையாது. கூட்டுகிறவர், துடைக்கிறவர், கட்டட வேலை செய்கிறவர், கடையில் வண்டி தள்ளிக்கொண்டு போகிற பெண். அவற்றில் ஒன்று, துடைப்பமும் வாளியும் வைத்த வண்டியோடு நிற்கும் ஒரு கறுப்பினப் பெண். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஹான்சனின் உருவங்களை நிஜ ஆள் என்று நினைத்து வழி கேட்டதாகச் சொல்வார்கள். எனக்கு வழி கேட்டவர்களைவிட, கேட்காமல் போனவர்களைப் பற்றித்தான் யோசனை. துப்புரவு வேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமலேயே தாண்டிப் போயிருப்பார்கள். இது சிற்பம் என்று யாராவது சொன்னதும் திரும்பி வந்து, குனிந்து, முகத்தின் சுருக்கத்தையும் கையின் காய்ப்பையும் உற்றுப் பார்த்து ‘ஆகா’ என்றிருப்பார்கள். மனுஷி என்று நினைத்தபோது பார்க்கத் தோன்றவில்லை. பொம்மை என்று தெரிந்த பிறகு பார்க்கத் தோன்றுகிறது.

அமெரிக்காவைச் சொல்வானேன். நம் ரயில் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கிற பெண்ணின் முகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவளை அச்சு அசலாகச் செய்து கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால், சாதி இந்துக் குடும்பம் டிக்கெட் வாங்கி வந்து பார்த்துக் கண் கலங்கும். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பார்க்காமல் விட்ட ஒரு முகம் திடீரென்று எதிரில் வந்து நிற்பதன் அதிர்ச்சி அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணீருக்குச் செலவு கிடையாது. உருவம் கூலி கேட்காது, தண்ணீர் கேட்காது, பக்கத்தில் உட்காராது.

சரி, பார்க்கிறவர்கள் கதை அது. பார்க்கப்பட்டவர்கள் கதை ஒன்று இருக்கிறதே!

1854க்கும் 1857க்கும் நடுவில் ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். போன இடத்தில் உயிரோடு இருக்கிற ஆட்களைப் படுக்கவைத்து, முகத்தில் சுண்ணச் சாந்து அப்பி அச்சு எடுத்தார்கள். அப்படி எடுத்த முகங்களை வார்த்து, இன்ன இனம், இன்ன சாதி என்று எழுதி ஐரோப்பிய மியூசியங்களுக்கு விற்றார்கள். முகத்தில் சாந்து அப்பினால் கண்ணைத் திறந்து வைக்க முடியாது. ஆகவே அந்த முகங்கள் எல்லாம் கண் மூடியிருக்கின்றன. உயிரோடு இருந்தவர்கள்தான், பார்த்தால் பிணம் மாதிரி இருக்கும். அப்புறம் நம் எழும்பூர் மியூசியத்துக்கு 1885இல் எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக வந்தார். 1908 வரை இருந்தார். அவர் கருவியை வைத்து மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். அளந்த கணக்கெல்லாம் 1909இல் ஏழு தொகுதியாக வெளிவந்தது. நம் பாட்டன்மார்கள் அதில் சென்டிமீட்டராக இருக்கிறார்கள். இந்தச் செங்கல்பட்டுச் சீமை இருளர்களின் பாட்டன்மார்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன பேசினார்கள், அளந்தவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அந்தத் தொகுதிகளில் இடமில்லை.

அதனால் ஒரு உருவம் அச்சு அசலாக இருக்கிறது என்று யாராவது மெச்சினால் எனக்கு உடனே சந்தோஷம் வருவதில்லை. அச்சு எடுத்தது யார், படுத்திருந்தது யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 1991இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் ஜான் அஹெர்ன் என்கிற வெள்ளைக்காரச் சிற்பி, தன் தெருவில் தன்னோடு வாழ்ந்த மூன்று கறுப்பின, புவேர்ட்டோரிக்க இளைஞர்களை வெண்கலத்தில் ஆளுயரத்துக்குச் செய்து வைத்தார். ஒருத்தன் பக்கத்தில் நாய். ஒருத்தன் கையில் பந்து, காலடியில் பாட்டுப்பெட்டி. ஒருத்தி காலில் சக்கரச் செருப்பு. பொய் ஒன்றும் கிடையாது. அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பகுதிக்காரர்கள் சிலர், எங்களை இப்படியா ஊருக்குக் காட்டுவது என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சிற்பியே சில நாளில் சிலைகளை எடுத்துவிட்டார். உள்ளது உள்ளபடி காட்டுவது எப்படி அவமானம் ஆகும்? அன்றைக்கு இதைப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்த பிறகுதான் விளங்கியது.

என் அப்பா கல் உடைத்தவர். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு குவாரி. அவர் உடைத்தது பெரும்பாலும் ரோட்டுக்கு ஜல்லியாகப் போனது. பெரிய பாறையாகப் பெயர்த்தால் சில சமயம் மாமல்லபுரம் பட்டறைக்குப் போகும். அது அங்கே சாமியாகும். கண் திறப்பதற்கு ஸ்தபதி இருக்கிறார். கண் திறந்த பிறகு கோயிலுக்குள் போய்விடும். கல்லைப் பெயர்த்த எங்கப்பா அந்தக் கோயிலுக்குள் போனதில்லை. நெஞ்சு முழுக்கக் கல்தூசி. ஐம்பது தாண்டவில்லை.

உயிரோடு இருக்கும்போது அவருக்கு ஒரு போட்டோ கிடையாது. செத்த அன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்து, தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு வைத்து, எங்களைச் சுற்றி நிற்கவைத்து எடுத்ததுதான் ஒரே போட்டோ. அப்புறம் அதை ஸ்டூடியோவில் கொடுத்தோம். கட்டையும் காசையும் அழித்து, மூடின கண்ணைத் திறந்து வரைந்து பெரிசு பண்ணிக் கொடுத்தார்கள். யாருடைய கண்ணோ அது. இருபது வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில் அப்பா இன்னொருத்தர் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ரான் மியூக் என்கிற சிற்பி, செத்துப்போன தன் அப்பாவின் உடம்பைச் சிலிகானில் செய்தார். 1997இல் லண்டனில் வைத்தார்கள். தரையில் அம்மணமாகப் படுத்திருக்கிற கிழவர். நரம்பு, மயிர், பாதத்துச் சுருக்கம் எதுவும் விடவில்லை. அளவு மட்டும் குறைவு. நிஜ உடம்பில் மூணில் ரெண்டு பங்குதான். மயிருக்குத் தன் தலைமயிரையே வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். எங்கப்பாவும் நாற்காலியில் அப்படித்தான் சின்னவராக இருந்தார். அந்த உருவத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்து ஏமாற்றவில்லை.

என் அக்கா பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன வருஷம் பொங்கலுக்கு வந்தவன், தாத்தாவுக்குச் சிலிகானில் உருவம் செய்யலாம் என்றான். “போட்டோ ஒண்ணு போதும் மாமா. கண்ணெல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம். அச்சு அசலா தாத்தா ஒக்காந்திருப்பாரு. லட்சக்கணக்குல ஆவும். ஆவட்டும், நான் பாத்துக்கறேன்” என்றான். அவன் ஆசையில் குறை இல்லை. ஒரு போட்டோகூட இல்லாமல் செத்தவருக்கு, பணக்காரர்கள் வைக்கிற உருவம் எங்கள் வீட்டிலும் இருக்கட்டும் என்கிற வைராக்கியம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

“துண்டு எங்கடா வெப்ப?”

“தோள்லதான் ஆயா.”

“உங்க தாத்தா தோள்ல துண்டு போட்டு நான் பாத்ததே இல்ல. ஊர்த்தெருவுல நடந்தா கக்கத்துல. குவாரியில தலையில. இங்க வந்தா தரையில விரிச்சிப் படுத்துக்கும். தோள்ல போட்டா அது அவரு கெடையாது. கக்கத்துல வெச்சியானா, அத்த நான் வூட்டுக்குள்ள சேக்கமாட்டேன்.”

பையனுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

உள்ளது உள்ளபடி என்று சொல்கிறோமே, எங்கப்பாவின் உடம்பில் உள்ளபடி இருந்தது என்ன? கூனின முதுகு. அது பிறவிக் கூன் இல்லை. கல் சுமந்த கூன் பாதி, கும்பிட்ட கூன் பாதி. தழைந்த பார்வை. மார்போடு ஒட்டின கை. ஒரு திறமையான கலைஞன் அதை இம்மி பிசகாமல் செய்துவிட முடியும். செய்தால் எங்கப்பா இருப்பார். அவரைக் கூன வைத்த ஊரும் கண்ணுக்குத் தெரியாமல் அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும். கூனை நிமிர்த்திச் செய்தால் ஊர் மறைந்துபோகும், அப்பாவும் மறைந்துபோவார். வசதியான வீட்டு உருவத்துக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கொப்பள் அம்மா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் நிஜமும் அவர் மரியாதையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எங்களுக்கு அது ரெண்டும் வேறு வேறு இடத்தில் கிடக்கிறது. தெற்கு பிராங்க்ஸ்காரர்கள் சண்டை போட்டதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

சாஸ்திரக்காரர்களுக்கு இது பற்றி ஒரு தீர்ப்பு உண்டு. தேவர்களின் உருவம் கோணலாக இருந்தாலும் நன்மை, மனுஷர்களின் உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நன்மை இல்லை என்கிறது சுக்கிர நீதி. நம் ஜனங்கள் அதைக் கேட்கவில்லை. கொல்லப்பட்ட மனுஷர்களை, மாறுகை மாறுகால் வாங்கப்பட்ட மதுரை வீரனை, கழுவேற்றப்பட்ட காத்தவராயனை, உருட்டின கண்ணும் முறுக்கின மீசையுமாக உருவம் செய்து எல்லையில் வைத்தார்கள். அந்த முகம் யார் சாயலிலும் இருக்காது. ஆனால் ராத்திரியில் அந்தப் பக்கம் போனால் நம்மைப் பார்ப்பது மாதிரியே இருக்கும்.

அப்புறம் அம்பேத்கர் சிலை. சிற்பக்கலை தெரிந்தவர்கள் நம் காலனிச் சிலைகளைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சிமெண்ட். ஒரு ஊரில் மூக்கு நீளம், ஒரு ஊரில் கழுத்தே இல்லை, கண்ணாடி பெயிண்டில் வரைந்தது. சாயல் என்று பார்த்தால் பாதி சிலைகள் தேறாது. நீலக் கோட்டும் நீட்டின விரலும் கையில் புத்தகமும் இருந்தால் போதும், அவர் அம்பேத்கர்.

இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்ததை நாம் மறக்க முடியாது. பறையர்களின் நிலைமை பற்றி இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் கைமாறிப் போனது. நூறு வருஷம் கழித்து, 1994இல், காரணை கிராமத்தில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட மக்கள் அங்கே ஒரு அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் உயிரை விட்டார்கள். 1997 ஜூலையில் மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். கேட்கப் போனவர்களில் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் சிலையின் தலையை உடைத்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊரில் அவர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்.

சிமெண்ட் பொம்மையை யாராவது கூண்டில் அடைப்பார்களா? அதன்மேல் கோபப்படுவார்களா? சிலிகான் உருவத்தில் மயிர்க்காலைக்கூட விடாமல் செய்கிறார்கள். அதைப் பார்த்து நாம் ஒரு நொடிதான் ஏமாறுகிறோம். இங்கே சாயலே சரியில்லாத சிமெண்ட்டை எதிரியும் நாமும் எப்போதும் உயிருள்ள ஆளாகவே நடத்துகிறோம். எனக்குத் தெரிந்து இதற்குக் காரணம் ஒன்றுதான். அந்த விரல் பேசுகிறது. அதற்குப் பின்னால் பேச ஆட்கள் இருக்கிறார்கள். அச்சு அசலான உருவத்தைப் பார்த்து நாம் கலங்குவது, இதோ பேசப்போகிறது என்று நினைத்து, அது பேசாமல் போவதால். ஊர்க்காரன் அம்பேத்கர் சிலையைப் பார்த்துக் கலங்குவது, பேசாது என்று நினைத்தது பேசுவதால்.

அதற்காக உருவமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2023இல் ஹைதராபாத்தில் 125 அடி, 2024இல் விஜயவாடாவில் பீடத்தோடு 206 அடி என்று அம்பேத்கர் உயர்ந்துகொண்டே போகிறார். நாளைக்கே சிலிகானில், இமை மூடித் திறக்கிற அம்பேத்கரும் வரலாம். அவற்றை வைக்கிறவர்கள் அரசாங்கமாகவும் இருக்கலாம். அப்போது நாம் கேட்க வேண்டியது உயரத்தையும் சாயலையும் பற்றி இல்லை. இது பேசுகிற சிலையா, பார்த்து அழுதுவிட்டுப் போவதற்கான சிலையா என்றுதான். இதை எழுதும்போது எனக்கு வி.ஜி.பி.யில் நின்ற அந்த மனிதர் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் உயிருள்ள ஆள். வேலை முடிந்தபிறகு உடுப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசியிருப்பார். நான் சொன்ன வார்த்தைக்கான பதில் அவரிடம் அன்றைக்கே இருந்திருக்கும். அந்தப் பதிலை நான் கேட்க நிற்கவில்லை.

அப்பாவின் உருவம் செய்யவில்லை. ஸ்டூடியோ போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டது அம்மா. பெட்டியிலிருந்து பழைய போட்டோவை எடுத்து மாட்டியிருக்கிறோம். தாடையில் கட்டு, நெற்றியில் காசு, மூடின கண். வருகிறவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. எதுக்கு இப்படி ஒரு போட்டோ என்று கேட்கிறார்கள். கேட்டால் அம்மா கல்குவாரியிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறது.